மஞ்சள் கோட்டுக்காரியை வெட்டச் சொன்னவர்

அவருக்கு ‘டொக்கு சார்’ என்று பெயர் வைத்தது யார் என்பது இன்றுவரை தகராறாகவே இருக்கிறது. அலுவலகத்தில் வைத்தது என்று கேமரா சங்கத்தார் சொல்வார்கள். சங்கத்தில் வைத்தது என்று அலுவலகத்தார் சொல்வார்கள். இரண்டு இடத்துக்கும் பெயர் கச்சிதமாகப் பொருந்தியதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அவருக்கு வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிபட்ட கார்களின் படங்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவருடைய கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டே இருக்கும். எந்த டொக்கு, அதாவது நசுங்கல், இந்த விபத்தில் விழுந்தது, எந்த டொக்கு போன வருஷமே விழுந்து இப்போது நைசாகக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது என்று படத்தைப் பார்த்தே அவர் சொல்ல வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற உத்தியோகம். டொக்கு இல்லாத வண்டியை யாரும் அவருக்குப் படமெடுத்து அனுப்பியதில்லை. ‘வண்டி அழகா இருக்கேன்னு சும்மா அனுப்பினேன் சார்’ என்று ஒரு ஜீவனும் எழுதியதில்லை. அதனால் உலகத்தில் எடுக்கப்படுகிற எல்லாப் படத்திலும் எங்கோ ஒரு டொக்கு இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் தன்னைப் பெற்றுப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் நம்பிவிட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வண்டியை இடித்துக்கொண்டவர்கள் அழுத முகத்தோடு வண்டியின் பக்கத்திலேயே நின்று படமெடுத்து அனுப்புவார்கள். டொக்கு சார் அவர்களுக்கு ஒரே பதில்தான் போடுவார்: ‘ஆள் மறைக்கிறது. தள்ளி நின்று மறுபடி எடுத்து அனுப்பவும்.’ இதைத் தட்டித் தட்டி விரல் வலித்துப்போய், ஒரே பொத்தானை அழுத்தினால் முழு வாக்கியமும் வந்து விழும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்துவைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் கேமரா சங்கத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? சங்கம் கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. உறுப்பினர்கள் ஊர் சுற்றியும் காடு சுற்றியும் எடுத்துவந்த படங்களை இருட்டில் திரைமேல் போடுவார்கள். யார் எடுத்தது என்று சொல்லமாட்டார்கள். எல்லாரும் கருத்துச் சொல்லி முடிக்கிறவரைக்கும் எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது, பெருமூச்சுகூட விடக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர் இப்படி ஒரு சட்டத்தை எப்படிப் போட்டார் என்பது அவருக்கே வெளிச்சம்.

புதருக்குள் நாள்கணக்கில் படுத்து, கொசுவுக்கு ரத்தம் கொடுத்து ஒருவர் சிறுத்தையை எடுத்துவந்தார். டொக்கு சார் எழுந்து நின்றார். “முன்னாடி இருக்கிற புல்லு ரொம்ப தெளிவா விழுந்திருக்கு. புல்லைத்தான் எடுத்தீங்கன்னா பிரமாதம். சிறுத்தைதான் கொஞ்சம் மறைக்குது” என்றார். கடற்கரைப் படம் ஒன்றுக்கு, “தொடுவானம் வலது பக்கமா சாஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனா தண்ணியெல்லாம் வழிஞ்சு தரையில கொட்டிரும்” என்றார். யானைக் கூட்டத்தைப் பார்த்து, “ஒரு யானை அதிகம்” என்றார். எந்த யானை என்று கேட்டதற்கு, அதை எடுத்தவர்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவுக்கும் மனிதர் காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் நேருக்கு நேர் சந்தித்த ஒரே வனவிலங்கு குளியலறைப் பல்லி. அதையும் விரட்ட மனைவியைத்தான் கூப்பிட்டார். ஆனாலும் சங்கத்தில் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று ஜனங்கள் படம் மேல் படமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மனித சுபாவம் விசித்திரமானதுதான்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் படகேறி ஒரு குட்டித் தீவுக்குப் போனார்கள். டொக்கு சார் புதுக் கேமராவோடு போனார். “கொஞ்சம் இடது பக்கம் வா. ரொம்ப வந்துட்ட. தாடையை இறக்கு. சிரிக்காத, பல்லு வெளிச்சத்தை வாங்குது. சரி, இப்ப சிரி. இவ்வளவு வேண்டாம்.” இப்படியே போய்க்கொண்டிருந்ததில் கடைசிப் படகு கிளம்பிவிட்டது. மீன் ஏற்றுகிற படகில் கூடைகளுக்கு நடுவே குந்திக்கொண்டு திரும்பினார்கள். எடுத்த படங்களில் ஒன்றாவது தேறியதா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ குறை என்று எல்லாவற்றையும் அவரே அழித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கேமராவைத் தூக்கினால் மனைவி கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வாள். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு கொக்கு இருக்கிறது, ஒரு அருவி இருக்கிறது. மனிதப் பிறவி என்று யாரும் இல்லை.

மனைவியின் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். டொக்கு சாரின் மேசைக்கு வருகிற டொக்குகளில் ஒரு பங்கு அவளுடைய மாணவர்களின் கைவண்ணம்தான். அவள் சமீபத்தில் கேமரா வாங்கி, சங்கத்திலும் சேர்ந்து, அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு பறவை ஏரிக்குப் போய்வந்தாள். வந்து ஒரு வாரமாகியும் அக்காவும் தங்கையும் ஒரு படத்தைக்கூட இவர் கண்ணில் காட்டவில்லை. டொக்கு சாருக்கு மனசு கேட்கவில்லை.

“ஏரிக்குப் போனீங்களே, படமெல்லாம் எங்கே?” என்றார் ஒரு நாள்.

“இருக்கு.”

“காட்டக்கூடாதா?”

“காட்டினா என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதை நானே சொல்லிக்கிட்டேன்” என்றாள் மனைவி.

கொஞ்ச நேரம் துணி மடித்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள். “அடுத்த மாசம் மறுபடி போறோம். வேன்ல மூணாவது சீட்டு ஒண்ணு இருக்கு. உங்களைக் கூப்பிடணும்னுதான் எனக்கு ஆசை.”

டொக்கு சாருக்குக் குப்பென்று சந்தோஷம் வந்தது. இத்தனை வருஷமாகத் தன்னை எங்கேயும் யாரும் கூப்பிடவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கே உறைத்தது. “வரேனே!” என்றார்.

“இருங்க, அவசரப்படாதீங்க. இந்தச் சனிக்கிழமை சங்கத்துல குடும்பத்தோட வரலாமாமே. நானும் வரேன். நீங்க கருத்துச் சொல்லுங்க, வேண்டாங்கல. ஆனா எல்லாப் படத்துக்கும் நல்லதா ஏதாவது சொல்லணும். ஒருத்தர் மனசையும் நோகடிக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் உங்களால இருக்க முடிஞ்சா மூணாவது சீட்டு உங்களுக்கு. முடியலன்னா எங்க கடைப் பொண்ணு ஒருத்தி வரேன்னு சொல்லியிருக்கா.”

“இவ்வளவுதானே!” என்றார் டொக்கு சார். சொல்லிவிட்டாரே தவிர, நல்லது சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்திலேயே பழகிப்பார்க்க உட்கார்ந்தார். ஒரு காரின் மூஞ்சி மொத்தமாக உள்ளே போயிருந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘வலது பக்கக் கதவில் வெளிச்சம் மிக அழகாக விழுந்திருக்கிறது’ என்று தட்டினார். அதைச் சொந்தக்காரருக்கு அனுப்பியும் வைத்துவிட்டார். சொந்தக்காரர் அரைமணி நேரத்தில் போனில் வந்துவிட்டார். “சார், கிளைம் கிடைக்குமா கிடைக்காதா? வெளிச்சத்தைப் பத்தி நான் கேக்கவே இல்லையே!” என்று கத்தியது பக்கத்து நாற்காலி அம்மாளுக்கே கேட்டது. அந்த அம்மாள் டொக்கு சாரின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

சனிக்கிழமை நல்ல மழை. மனைவி மஞ்சள் நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மாடிக்கு வந்ததும் அதைக் கழற்றி, தன் நாற்காலியின் முதுகில் மாட்டினாள். அது சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து நாற்காலியில் தங்கை, இந்தப் பக்கம் டொக்கு சார். விளக்கை அணைத்தார்கள்.

முதல் படம் ஒரு சூரிய அஸ்தமனம். பெயர் போடாவிட்டாலும் அது பல் டாக்டருடையது என்று டயர் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். டாக்டர் வேறு எதையும் எடுத்ததில்லை. டொக்கு சார் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். “சூரியன்... நல்லா மறைஞ்சிருக்கு” என்றார்.

கூட்டம் அசந்துபோனது. இருட்டில் யாரோ கைதட்டினார்கள். அடுத்தது குரங்கு. “குரங்கு... அசல் குரங்கு மாதிரியே இருக்கு” என்றார். மனைவி அவர் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். டொக்கு சாருக்குத் தலைகால் புரியவில்லை. இது இவ்வளவு சுலபமா? இதற்கா இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குறை தேடினோம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு வந்த படங்களுக்கெல்லாம் வாரி வழங்கினார். ஒரு பாறையைப் பார்த்து, “கனமான பாறை” என்றார். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துவிட்டதாகவே மனசுக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் படம் வந்தது. ஏரி. தண்ணீரிலிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கூழைக்கடா அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. இறக்கை முழுசாக விரிந்திருக்க, காலிலிருந்து தண்ணீர் சரமாகச் சிதறியது. டொக்கு சார் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். இதற்கு யோசித்து யோசித்து நல்லது தேட வேண்டியதில்லை. வார்த்தை தானாக வந்தது. “அடடா! இந்த இறக்கையைப் பாருங்க. ஒவ்வொரு இறகும் தனித்தனியா தெரியுது. சரியான நொடியில எடுத்திருக்காங்க. இப்படி ஒரு படத்தை நான் இந்த ரூம்ல பார்த்ததே இல்ல” என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரப் பாதி குனிந்தும்விட்டார். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டவன் ஏப்பம் விடுவதுபோல அவருக்கு அது வந்துவிட்டது.

“ஒரே ஒரு விஷயம்” என்றார். “ஓரத்துல ஒரு அம்மா நிக்குது பாருங்க, மஞ்சளா எதையோ போட்டுக்கிட்டு. செருப்பைக் கையில வெச்சிக்கிட்டு, வாயை இப்படிப் பொளந்துகிட்டு. படத்துக்கும் அந்தம்மாவுக்கும் சம்பந்தமே இல்ல. யாராவது தள்ளி நிக்கச் சொல்லியிருக்கலாம். பரவாயில்ல, அந்த ஆளை மட்டும் வெட்டிருங்க. படம் எங்கேயோ போயிரும்.”

இந்தத் தடவை கைதட்டல் இல்லை. மழைக்கோட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டப்படி எடுத்தவள் வாயைத் திறக்கக்கூடாது. டொக்கு சாரின் மச்சினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் இருமினார். “வேற யாராவது கருத்து...?” என்று இழுத்துவிட்டு, யாரும் எழாததால் விளக்கைப் போட்டார்.

டொக்கு சார் வெற்றிப் புன்னகையோடு மனைவி பக்கம் திரும்பினார். முதலில் கோட்டு தெரிந்தது. பிறகு அதன் நிறம் தெரிந்தது. பிறகு திரையைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். அவருடைய புன்னகை எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. மனைவி எழுந்து, ஈரக் கோட்டை உதறி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

வீடு போகிற பஸ்ஸில் டொக்கு சார் சமாதானம் சொல்கிறேன் பேர்வழி என்று மேலும் மேலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். “இருட்டா இருந்துச்சு. முகம் அவ்வளவு தெளிவா விழல. ஃபோகஸ் பறவை மேல இருந்துச்சு பாரு, அதனால...”

“உங்க ஃபோகஸ் எப்பவும் பறவை மேலதான்” என்றாள் மனைவி.

“நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லம்மா. அதான் அடையாளம் தெரியல.”

சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொன்னது இன்னது என்று அவருக்கே விளங்கியது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மூணாவது சீட்டைக் கடைப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்” என்றாள்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை, சண்டையே தேவலை என்று இருந்தது. ஃபிரிட்ஜுக்கு முன்னால் இவர் நின்றால், “ஆள் மறைக்குது. தள்ளி நில்லுங்க” என்பாள். டீவிக்குக் குறுக்கே போனால், “சம்பந்தமில்லாத ஆள்” என்பாள். மச்சினியோடு போனில் பேசும்போது மட்டும் உள்ளறையிலிருந்து அவள் சிரிப்பது கேட்கும். அந்தச் சத்தம் அவருக்குப் புதிதில்லை. வருஷக்கணக்காகக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். ‘என்ன சத்தம் அங்கே’ என்று அதட்டியும் இருக்கிறார். அந்தச் சத்தத்தின்போது முகம் எப்படி இருக்கும் என்று கதவைத் திறந்து பார்த்ததில்லை. அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மச்சினிக்குப் போன் போட்டார். “அந்தப் படத்தை எனக்கு அனுப்புறியாம்மா?”

“வெட்டி அனுப்பணுமா, முழுசா அனுப்பணுமா அத்தான்?” என்றாள் அவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளின் குரல், பிரேக்கை மிதி என்று சொல்கிற குரல்.

“முழுசா” என்றார்.

அலுவலகத்தில், டொக்குகளைப் பெரிசாக்கிப் பார்க்கிற அந்தப் பெரிய திரையில் படத்தைத் திறந்தார். பழக்க தோஷத்தில் குறை தேட ஆரம்பித்தார். ஓரத்தைப் பெரிசாக்கினார். முழங்கால்வரை சேறு. கையில் ஒரு செருப்புதான் இருந்தது, இன்னொன்றைக் காணோம். உடம்பு முன்னால் வளைந்து, கண் இடுங்கி, வாய் முழுக்கத் திறந்து, அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்வரைக்கும் தெரிந்தது. தீவில் அன்று ‘இவ்வளவு வேண்டாம்’ என்று அவர் பாதியிலேயே நிறுத்தியது இதைத்தான். திரையில் அவளுடைய முகம் நிறைந்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மாள் எட்டிப் பார்த்தாள். “இதுல எங்கே சார் டொக்கு?” என்றாள்.

“தேடிக்கிட்டிருக்கேன்” என்றார். சாயங்காலம்வரை கிடைக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்காமல், “எதுக்கு அப்படிச் சிரிச்ச?” என்று கேட்டார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு படத்தைப் பற்றி இந்த மனிதர் கேள்வி கேட்டு அவள் கேட்டதில்லை.

“தங்கச்சி பறவையைப் படம் பிடிக்கிறேன்னு பின்னாடியே நகர்ந்து நகர்ந்து போனா. சேறு இருக்குன்னு சொல்றதுக்குள்ள தொப்புன்னு உட்கார்ந்துட்டா. கேமராவை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கா. அவளைத் தூக்கப் போய் என் செருப்பும் போச்சு. நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே...” அவளுக்கு இப்போதே உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள். “அதுவரைக்கும் அந்தக் கூழைக்கடா அசையாம உட்கார்ந்திருந்துச்சு. காலையிலிருந்து அப்படியேதான் இருந்துச்சு. என் சத்தத்துல பயந்துதான் எழும்பிச்சு. அந்தப் படபடப்புல அவ விரல் பொத்தானை அழுத்திருச்சு. அதான் நீங்க சொன்னீங்களே, சரியான நொடின்னு.”

டொக்கு சார் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தமில்லாத ஆள் என்று சொன்னோமே, அந்த ஆள் இல்லாவிட்டால் பறவையும் இல்லை, படமும் இல்லை, தான் பாராட்டிய நொடியும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏரிக்குக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது அவர் ஒரு பெரிய கவரோடு வீட்டுக்கு வந்தார். மனைவி பயணப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கவரைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போய் நின்றுகொண்டார். அவள் பிரித்தாள். படத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள், காகிதம் நிறைய.

“பறவை எங்கே?”

“வெட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“குறுக்க பறந்துகிட்டு இருந்துச்சு. பார்க்க வேண்டியதைப் பார்க்க விடல.”

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அவர் செய்வதுபோலவே தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மூலை மூலையாகப் பார்த்தாள். டொக்கு சார் தீர்ப்புக்குக் காத்து நின்றார். சங்கத்தில் தன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமா, பாவிகள் எப்படித் தாங்கினார்கள் என்று நினைத்தார்.

“மேல் மூலையில ஒரு இறக்கை நுனி மிச்சம் இருக்கு. ஒழுங்கா வெட்டல” என்றாள்.

“ஆமா.”

“தாடை தூக்கலா இருக்கு. பல்லு வெளிச்சத்தை வாங்குது.”

“இருக்கட்டும்” என்றார் டொக்கு சார். “எல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

அவளால் அடக்க முடியவில்லை. படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே வளைவு, அதே கண், கடைவாய்ப் பல்வரைக்கும். இந்தத் தடவை கதவு குறுக்கே இல்லை. அவர் கையில் கேமராவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஷூ போட்டுக்கிட்டு வாங்க. அங்கே சேறு” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“மூணாவது சீட்டைத்தான் கடைப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்னு சொன்னியே?”

“சொன்னேன். குடுக்கல.” படத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் கொக்கின் மேலேயே சாய்த்துவைத்துப் பார்த்தாள். கொக்கு மறைந்துவிட்டது. “ஆனா ஓரத்து சீட்டுதான். என்ன, ஓரத்து ஆளை வெட்டிரலாமா?”

டொக்கு சார் ஷூவைத் தேடப் போனார்.